‘செடிதானே’ என்னும் மயக்கம்



கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் சமண இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம். தலைமுறை தலைமுறையாக அதனைப் பேணிவரும் இல்லங்களில் போதை என்பது அயல்வீட்டுச் செய்தியாகவே கருதப்படுகிறது. அந்நம்பிக்கை பெருமைக்குரியது, ஆயினும் அது மட்டுமே காவலாகிவிடாது.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் வளர்ந்த பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் நகரங்களில் விடுதியில் தங்கிப் பயில்கின்றனர். மது அருந்த அழைத்தால் மறுக்கத் தெரிந்த பிள்ளையிடம், “இது மது அன்று; மண்ணில் விளையும் செடிதானே” என்று நண்பன் ஒருவன் கஞ்சாவை நீட்டக்கூடும். அப்பொழுது மறுத்துரைக்க அப்பிள்ளையிடம் விடை இருத்தல் வேண்டும்.

அவ்விடையை அறிவியல் தருகிறது. கஞ்சாச் செடியின் பூ முனைகளில் செறிந்துள்ள டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளே மயக்கத்தைத் தருவது. இஸ்ரேல் நாட்டு அறிவியலாளர் ரபேல் மெக்கூலம் தம் குழுவினருடன் 1964இல் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மூளையின் உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கு உடலே சில பொருள்களைச் சுரக்கிறது. அவை சென்று அமர வேண்டிய இடத்தில் டி.எச்.சி. அமர்ந்துகொள்கிறது. அதனால் நினைவாற்றலும் கவனமும் கால உணர்வும் தடுமாறுகின்றன.

இளையோர்க்கு இத்தீங்கு மிகுதி. ஆராய்ந்து முடிவெடுக்கவும் ஆசையை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. நாற்றங்காலில் பற்றிய நோய் அறுவடை வரை தொடர்வது போன்றது, அவ்வயதில் நேரும் கேடு. கஞ்சாவைப் பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர்; பதின்ம வயதில் தொடங்குவோரிலோ ஆறில் ஒருவர்.

சுவீடன் நாட்டில் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. பணிக்கு வருமுன்பே ஐம்பது முறைக்கு மேல் கஞ்சாவைப் பயன்படுத்தியோரிடம், பயன்படுத்தாதோரைவிட ஆறு மடங்கு மிகுதியாக மனச்சிதைவு நோய் காணப்பட்டது. அந்நோய்க்குக் கஞ்சா ஒன்றே காரணமன்று. மரபும் சூழலும் உண்டு. எனினும் குடும்பத்தில் எவர்க்கேனும் அந்நோய் இருந்திருப்பின், அப்பிள்ளை இரு மடங்கு விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இனிப் பெற்றோர்க்கு ஒரு சொல். படிப்பில் திடீர்ச் சரிவு, இரவு உறக்கமின்மை, பழைய நண்பர்களை விட்டு விலகல், காரணம் கூறாத பணத்தேவை ஆகியவை கண்டால் உசாவுதல் வேண்டும். இவை பிற துயரங்களாலும் நேரலாம். ஆதலின் குற்றஞ்சாட்டுமுன் கேட்டறிதலே முறை.

ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைக்கும் சிறிய சமூகத்தில், “வெளியே தெரிந்தால் மானம் போகும், நாளை யார் பெண் கொடுப்பர்?” என்னும் அச்சம் இயல்பானதே. அவ்வச்சத்தால் மூடி மறைக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் நோய் முற்றும் மாதமாகும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு தொடர்பான குற்றத்தில் சிக்கிய அடிமையானவர் தாமே முன்வந்து, அரசு ஏற்பளித்த மருத்துவமனையில் சிகிச்சையை மேற்கொண்டால், வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சட்டமே திருந்துவோர்க்குக் கதவைத் திறந்து வைத்திருக்க, பெற்ற வீடு அதனை அடைக்கலாமா? போதை மீட்பு உதவிக்கு 14446 என்னும் எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

செய்த பிழையை ஆசிரியர் முன் ஒளியாது எடுத்துரைத்தலை ‘ஆலோசனை’ என்று பெயரிட்டு, கழுவாய்களுள் முதலாவதாக வைத்தனர் சமணப் பெரியோர். உரைப்பவர்க்குத் துணிவு வேண்டும். கேட்பவர்க்குப் பொறுமை வேண்டும். “அப்பா, தவறு செய்துவிட்டேன்” என்று ஒரு பிள்ளை நள்ளிரவிலும் அஞ்சாது சொல்லக்கூடிய வீடே அப்பிள்ளைக்கு உண்மையான காவல். அத்தகைய வீடுகள் பெருகுக.