தாய்மையும் இரத்தக் கொதிப்பும்
(பிரிஞ்சாங்கில் ஆற்றிய உரை)



தேயிலை விளையும் இம்மலையில் என்னிடம் பலரும் கேட்பது இதுதான்: "தேநீரில் உடம்பைக் காக்கும் சத்து இருக்கிறதாமே! கர்ப்பிணிகள் நிறையக் குடித்தால் இரத்தக் கொதிப்பு வராதல்லவா?" ஓய்வுபெற்ற தாதி என்ற முறையில் விடை கூறுகிறேன்.

கர்ப்பம் 20 வாரத்தைக் கடந்தபின் சிலருக்கு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுகிறது. சிறுநீரில் புரதம் கலக்கிறது. நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் பாயாதபோது, பிராணவாயுவிலிருந்து பிறக்கும் சில வீரிய மூலக்கூறுகள் அங்கே பெருகுகின்றன. இரும்பைத் துரு அரிப்பதுபோல் அவை திசுக்களைத் தாக்குகின்றன. தாயின் இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. முற்றினால் வலிப்பு வரும். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

துருவைத் தடுக்கும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் இந்நோயையும் தடுக்கும் என மருத்துவர்களே நம்பினார்கள். 2006-இல் பிரிட்டனில் சுமார் 2,400 பெண்களிடமும், 2010-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 10,000 பெண்களிடமும் சோதித்தனர். நோய் குறையவில்லை. பிரிட்டனில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறந்ததே மிச்சம். மாத்திரைக்கே இப்படியென்றால் தேநீரை மருந்தென நம்பலாமா? சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் அது குறைக்கும். கீரையும் பழமும் உண்ணுங்கள், உணவாக உண்ணுங்கள்.

உண்மையில் காப்பது எது? தவறாத பரிசோதனை. தலைப்பிரசவம், இரட்டைக் குழந்தை, நீரிழிவு, முன்பே கொதிப்பு உள்ளவர்கள் முதல் மூன்று மாதத்திலேயே மருத்துவரைப் பார்க்கவேண்டும். தேவையானவர்களுக்கு அவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்; தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு. அது வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என 2002-இல் உறுதியாயிற்று. ஆனால் நேரத்தோடு மருத்துவமனை சேர்ந்தால்தானே ஊசி போட முடியும்?

தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். பிரசவத்திற்குப் பிறகும் இது வரலாம். திருநீறு பூசுங்கள்; கூடவே வண்டியையும் கூப்பிடுங்கள்.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நள்ளிரவில் தோட்டத்து லயத்திலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு ஒரு கர்ப்பிணியை அழைத்துச் செல்ல வண்டியும் ஓட்டுநரும் ஆயத்தமாக இருக்க வழிசெய்யுங்கள். அன்னதானத்திற்கு நிகரான அறம் அது.