க்யூவுக்குத் துணை யூ

கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். ஒரு நாள் மாலை, எழுத்துக் காய்களைக் கோத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் பலகையை விரித்து உட்கார்ந்தோம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவள் கையில் க்யூ என்ற எழுத்து மாட்டிக்கொண்டது. கூட வைக்க யூ இல்லை. "தாத்தா, யூ இல்லாம இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றாள். முகம் வாடிவிட்டது. எனக்கும் தெரியவில்லை. இருவருமாக அகராதியைப் புரட்டினோம். க்யூ, ஐ என்று இரண்டே எழுத்தில் ஒரு சொல் அகப்பட்டது. அதைச் 'சீ' என்று உச்சரிக்க வேண்டும். உடம்புக்குள் ஓடும் உயிராற்றலைச் சீனர்கள் அப்படிச் சொல்கிறார்கள். பத்துப் புள்ளி எழுத்து பலகையில் இறங்கியது. அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

குறிப்பிட்ட எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொற்களை எப்படித் தேடிப் பிடிப்பது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

நிறையச் சொல் தெரிந்தவர்தான் ஜெயிப்பார் என்று நாம் நினைக்கிறோம். சொல்வளம் வேண்டியதுதான். ஆனால் கையில் இருக்கும் எழுத்துகளிலிருந்து சொல்லைப் பிடிக்க, அந்த எழுத்துகளின் குணம் தெரிந்திருக்க வேண்டும். எது அடிக்கடி வரும், எது எதோடு சேரும், எது எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்பிரட் மோஷர் பட்ஸ் அந்தக் குணத்தைத்தான் முதலில் கணக்கெடுத்தார். அவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை போயிற்று. செய்தித்தாளின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். இன்றும் 100 காய்களில் இ என்ற எழுத்துக்கு 12 காய்கள். ஏ-க்கு 9, ஐ-க்கு 9. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான், அதனால் அவற்றுக்குப் பத்துப் பத்துப் புள்ளி. எஸ் மட்டும் நாலே நாலு. பெரும்பாலான பெயர்ச்சொற்களின் வாலில் எஸ்-ஐ ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம் அல்லவா? தாராளமாகக் கொடுத்தால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். 1948-ல் ஜேம்ஸ் புருனோ என்பவர் இந்த ஆட்டத்துக்கு ஸ்கிராபிள் என்ற பெயரைப் பதிவு செய்தார்.

சரி, எது எதோடு சேரும்? இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் புதிதே அல்ல. நம் இலக்கணத்தில் இதற்கு மெய்ம்மயக்கம் என்று பெயர். க் என்ற மெய்க்குப் பின்னால் ககர வரிசைதான் வரும். பக்கம், அக்கா, சக்கை. 'பக்தி' என்று கேட்டதுமே இது வேறு மொழியிலிருந்து வந்த சொல் என்று கண்டுகொள்கிறோம். அதே கண்ணோடு ஆங்கிலத்தைப் பாருங்கள். க்யூ வந்தால் பெரும்பாலும் அடுத்து யூ. சி-யும் கே-யும் கைகோத்தால் சொல்லின் நடுவிலோ முடிவிலோ நிற்கும், தொடக்கத்தில் நிற்காது. வி என்ற எழுத்தில் முடியும் சொல் மிக அபூர்வம். லவ், கிவ், ஹேவ் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓர் இ காவல் நிற்கிறது. கையில் வி இருந்தால் ஓர் இ-யைச் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பரும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜி, ஆர், என், ஐ, ஏ, டி, இ. இந்த ஏழையும் வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். வரிசையில் எழுதினால் கண் அந்த வரிசையிலேயே ஒட்டிக்கொள்ளும். இப்போது வாலைத் தனியே பிரியுங்கள். ஐ, என், ஜி சேர்ந்தால் 'இங்' என்ற வால். மீதி நாலு: டி, இ, ஏ, ஆர். சேர்த்தால் 'டேர்', கிழி என்று பொருள். வாலை ஒட்டுங்கள், 'டேரிங்' கிடைத்துவிட்டது. நிறுத்திவிடாதீர்கள். ஜி-யையும் ஆர்-ஐயும் முன்னால் கொண்டுவந்தால் அதே ஏழில் 'கிரானைட்' என்ற கருங்கல் இருக்கிறது. 'இன்கிரேட்' என்ற நன்றிகெட்டவரும் இருக்கிறார். ஸ்கிராபிளில் ஏழு காய்களையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல்.

இன்னோர் ஆட்டம் வேர்டில். ஜோஷ் வார்டில் என்பவர் 2021-ல் வெளியிட்டது. ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒரு பொறி உண்டு. கடைசி நாலெழுத்தும் ஐ, ஜி, எச், டி என்று சரியான இடத்தில் அமைந்து பச்சையாகிவிடும். கைக்கு எட்டிவிட்டது என்று தோன்றும். ஆனால் லைட், மைட், நைட், ரைட், சைட், ஃபைட், டைட், எய்ட் என்று எட்டுச் சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன! ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பெல்லாம் கரைந்துவிடும். அப்போது 'ஃபிலிம்ஸ்' என்று ஒரு சொல் போடுங்கள். அது விடையாகாதுதான். ஆனால் எஃப், எல், எம், எஸ் என்று நாலு முதலெழுத்துகளை ஒரே வீச்சில் சோதித்துவிடும். ஒரு வாய்ப்பை விட்டுக்கொடுத்து நாலு கதவைத் தட்டிப்பார்க்கிறோம்.

எழுத்துகளைத் தட்டினால் சொற்பட்டியலைக் கொட்டும் இணையதளங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அவற்றை ஆட்டம் முடிந்தபிறகு திறந்து, எதைத் தவறவிட்டோம் என்று பாருங்கள். முதலிலேயே திறந்தால் தேடுகிற சுகம் போய்விடும்.

நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சொற்களை எழுத்துகளாகவே மனத்தில் ஏற்றிக்கொண்டார். மலைக்க வைக்கும் சாதனை அது. ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, அகப்பட்ட சொல்லின் பொருளையும் ஒரு வரி படித்துவிடுங்கள் என்பதுதான். கேட்டமரான் என்ற ஆங்கிலச் சொல்லில் ஒன்றுவிட்டு ஒன்றாக நாலு ஏ வருகிறது. பொருளைப் பார்த்தால், அது நம் கடற்கரையிலிருந்து போன கட்டுமரம்!

பேத்தி ஊருக்குத் திரும்பும்போது ஒரு நோட்டுப் போட்டிருந்தாள். முதல் பக்கத்தில் க்யூ, ஐ. எதிரே தமிழில், கொட்டை எழுத்தில், 'உயிராற்றல்' என்று எழுதியிருந்தாள்.