குரங்குக் காய்ச்சல்: மேப்ல காலியா இருக்கிற கட்டம்

இன்னைக்கு எபிசோடை நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஜனவரி லாங் வீக்கெண்டுக்கு நாங்க நாலு பேர் அடையாறுல இருந்து கார் எடுத்துட்டு வயநாடு போனோம். காட்டோரமா நடந்தோம், சருகு மேல உட்கார்ந்து போட்டோ எடுத்தோம், திரும்பி வந்துட்டோம். ஆறாவது நாள் எனக்குச் செம காய்ச்சல். மயிலாப்பூர்ல ஒரு கிளினிக் போனேன். டாக்டர் சரியான கேள்விதான் கேட்டார்: "வெளியூர் எங்கயாவது போனீங்களா?" நான் ஆபீஸ் ரிலீஸ் பத்தி போன்ல மெசேஜ் அடிச்சிட்டே "இல்ல சார்"னு சொல்லிட்டேன். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ், மலேரியா நெகட்டிவ். அஞ்சு நாள்ல தானா சரியாச்சு. என்ன காய்ச்சல்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்த "இல்ல சார்" ஏன் இப்ப உறுத்துதுன்னு கடைசியில சொல்றேன். முதல்ல 1957-க்குப் போவோம்.

கர்நாடகாவுல ஷிமோகா மாவட்டம், கியாசனூர் காடு. அங்க குரங்குகள் கொத்துக்கொத்தா செத்து விழுந்தன. பக்கத்துக் கிராமங்கள்ல மக்களுக்கும் கடுமையான காய்ச்சல், உடம்பு வலி, சிலருக்கு ரத்தக்கசிவு. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள்ள வந்துடுச்சோன்னு பயம். புனே வைரஸ் ஆய்வு மையத்துக்காரங்க வந்து பார்த்தா, அது புது வைரஸ். பரப்புறது கொசு இல்ல, உண்ணி. நம்ம ஊர்ல மாட்டுக் காதுல, நாய்க் கழுத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்தக் குடும்பம்தான். நோய்க்குக் காட்டோட பேரையே வெச்சாங்க: கியாசனூர் காட்டு நோய். உள்ளூர்ல மங்கன காயிலே, அதாவது குரங்குக் காய்ச்சல்.

சைபீரியாவுல இருந்த ஒரு உண்ணி வைரஸுக்கு இது சொந்தம்னு தெரிஞ்சதும், வலசை வர்ற பறவைகள் கொண்டு வந்திருக்குமோன்னு சந்தேகம் வந்துச்சு. பறவைகள் கால்ல வளையம் போட்டுப் பின்தொடர்ற சாலிம் அலியோட ஆய்வுக்கு உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இந்த நோய் அடுத்து எங்க வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதுக்கு உண்ணியோட காலண்டரைப் பார்க்கணும். மழைக்காலத்துல பெரிய உண்ணிகள் மாட்டு மேல ஏறி ரத்தம் குடிச்சு, கீழே விழுந்து ஆயிரக்கணக்குல முட்டை போடும். மழை ஓயும்போது குஞ்சு உண்ணிகள் வரும். அது ஒரு எலி மேலயோ குரங்கு மேலயோ ஏறிக் குடிச்சு, தோல் உரிச்சு, அடுத்த பருவத்துக்கு வரும். கடுகை விடச் சின்னதா இருக்கிற அந்த இளம் உண்ணிதான் மனுஷனை அதிகமா கடிக்கிறது. அதனாலதான் நோயோட சீசன் டிசம்பர்ல இருந்து மே வரைக்கும். கவனிச்சீங்களா? நம்ம டூர் சீசனும் அதேதான்.

அப்போ மழை, ஈரப்பதம், வெப்பம் எல்லாம் இதுல இன்புட். ஆனா வானிலை மட்டும் போதாது. பிரிட்டனைச் சேர்ந்த சூழலியலாளர்களும் இந்திய ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து 2020-ல ஒரு மாடல் வெளியிட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், என்னென்ன ஃபீச்சர் சேர்க்கணும்னு சுகாதாரத் துறை, கால்நடைத் துறை, வனத்துறை ஆளுங்ககிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணாங்க. ரிசல்ட்? ஈரமான பசுமைமாறாக் காடும் தோட்டங்களும் கலந்து கிடக்கிற இடம், நாட்டு மாடு அதிகமா இருக்கிற இடம், அங்கதான் மனுஷனுக்கு ஆபத்து அதிகம். அதாவது ஆள் நுழையாத அடர்காடு இல்ல. காடும் பாக்குத்தோப்பும் மாட்டுக்கொட்டகையும் உரசிக்கிற ஓரம்.

இது புதுசும் இல்ல. 1980-கள் தொடக்கத்துல தட்சிண கன்னடாவுல முந்திரித் தோட்டம் போடக் காட்டை வெட்டினாங்க. அதைத் தொடர்ந்து ஒரே சீசன்ல 1,500 பேருக்கு மேல நோய் வந்துச்சு.

இப்போ ஒரு இன்ஜினியர் கேள்வி. உங்க டேட்டாபேஸ்ல ஜீரோவும் நல்லும் ஒண்ணா? இல்லல்ல! ஜீரோன்னா எண்ணிப் பார்த்தோம், எதுவும் இல்ல. நல்லுன்னா எண்ணவே இல்ல. நோய் மேப்ல ரெண்டுமே வெள்ளையாத்தான் தெரியும். ரொம்ப வருஷம் இந்த நோய் ஷிமோகாவையும் அதைச் சுத்தின மாவட்டங்களையும் விட்டு நகரலன்னு நினைச்சாங்க. 2012-ல பந்திப்பூர் பக்கம் வந்துச்சு. அதை ஒட்டியே நம்ம நீலகிரியில செத்த குரங்குகள்ல வைரஸ் கிடைச்சுது. அப்புறம் வயநாடு, கோவா, மகாராஷ்டிராவோட சிந்துதுர்க். இதுல எது புதுசாப் பரவினது, எது முன்னாடியே இருந்து இப்பதான் டெஸ்ட் பண்ணது? டெஸ்ட் பண்ணாத இடத்தைப் பத்தி மாடல் சொல்றது சரியான்னு பார்க்க வழியில்ல.

இப்போ அந்த "இல்ல சார்"க்கு வர்றேன். எனக்கு வந்தது இந்த நோய்தான்னு சொல்லல. சாதாரண வைரல் காய்ச்சலாவே இருந்திருக்கலாம். ஆனா ஜனவரி, வயநாடு, ஆறாவது நாள் காய்ச்சல்னு டாக்டர்கிட்ட மூணு வார்த்தை சொல்லியிருந்தா அவர் வேற டெஸ்ட் யோசிச்சிருப்பார். நான் சொல்லல. அந்த மேப்ல ஒரு நல் என் பேர்ல இருக்கு.

எனக்கு இது ஒரு வீக்கெண்ட். அங்க சருகு அள்ளி, விறகு பொறுக்கி, மாடு மேய்ச்சு வாழ்றவங்களுக்கு இது தினசரி. நோய் வந்தவங்கள்ல நூத்துக்கு மூணு முதல் அஞ்சு பேர் வரைக்கும் இறந்துபோறாங்க. இந்த வைரஸுக்குன்னு தனி மருந்து இல்ல. பழைய தடுப்பூசியும் சரியா வேலை செய்யல. அதனால எந்த ஊருக்கு முதல்ல டாக்டரும் டெஸ்ட் கிட்டும் போகணும்னு ஒரு நல்ல மேப் சொன்னா, அது உயிர் காக்கிற விஷயம்.

நாம செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குப் போனா முழுக்கால் பேன்ட், சாக்ஸ் போடுங்க, சருகு மேல உட்காராதீங்க. ரூமுக்கு வந்ததும் உடம்பைப் பார்த்து வெந்நீர்ல குளிங்க. செத்த குரங்கைப் பார்த்தா கிட்ட போகாதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. திரும்பி வந்து காய்ச்சல்னா, டாக்டர் கேட்கிறதுக்கு முன்னாடியே எங்க போனீங்கன்னு சொல்லிடுங்க.

போனைக் கீழ வெச்சுட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், டாட்டா!