வண்டிக்கு கிரீஸ் நாமே போடலாம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘எங்கள் குழுவின் வெற்றி’. தலைவி அக்காகிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு, எங்க வண்டி நின்னுபோன 11 நாளைப் பத்திப் பேச வந்திருக்கேன். அந்த 11 நாள்ல கத்துக்கிட்டதுதான் இன்னைக்கு வண்டியை ஓட வைக்குது.

எங்க வண்டி உங்கள்ல பல பேருக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தின பழைய மினி பஸ். குழுக் கடன்ல வாங்கி, சீட்டையெல்லாம் கழட்டிட்டு, அடுப்பு மேடையும் தண்ணித் தொட்டியும் வச்சு, நடமாடும் உணவகமா மாத்தினோம். காலையில கன்னியக்கோயில் பக்கம் இட்லி, பொங்கல். மதியம் கிருமாம்பாக்கம் பக்கம் சாப்பாடு.

2024 நவம்பர் 30 அன்னைக்கு ஃபெஞ்சல் புயல் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மழை விட்டுச்சுன்னு மூச்சு விட்டோம். அடுத்து சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து ஆத்தோர ஊர்களுக்குள்ள புகுந்துடுச்சு. எங்க வண்டி பாதிச் சக்கரம் முழுகி ரெண்டு நாள் தண்ணியில நின்னுது.

தண்ணி வடிஞ்சதும் சேத்தைக் கழுவினோம். அடுப்பைத் துடைச்சோம். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ச்சோம். இன்ஜினுக்கு ஆயில் மாத்தினோம். சக்கரத்துக்குள்ள என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் பார்க்கல. வண்டியை என் பொறுப்புல விட்டிருந்தாங்க, அதனால அது என் தப்பு.

மூணு வாரம் கழிச்சு முன் சக்கரத்துல ‘கர்ர்’னு சத்தம். பாத்திரம் ஆடுற சத்தம்னு நினைச்சு நாலு நாள் ஓட்டினோம். அஞ்சாம் நாள் கருகின வாடை வந்துச்சு. இறங்கி சக்கரத்து நடுவுல கையைக் கிட்டக் கொண்டுபோனா, தோசைக்கல் மாதிரி சூடு. உள்ளே ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தாங்க. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரமே இறுகியிருக்கும்னு மெக்கானிக் அண்ணன் சொன்னப்ப எனக்குக் கால் நடுங்கிடுச்சு.

ஹப்பைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த கிரீஸ் பால் ஊத்தின காபி மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. வெள்ளத் தண்ணி உள்ளே போய்க் கலந்திருக்கு. பேரிங் துருப்பிடிச்சு, உருளையெல்லாம் பொறிஞ்சு போயிருந்தது. பேரிங், சீல், கூலின்னு செலவு. 11 நாள் வியாபாரம் போச்சு. அந்த மாசத் தவணையை உள் கடன் வாங்கிக் கட்டினோம். குழுக் கூட்டத்துல ஒரு அக்கா, “வண்டியை வித்துட்டுக் கடனை அடைச்சுடலாம்”னு சொன்னாங்க. நான் தலையை நிமிர்த்தவே இல்ல.

இதுக்கு முன்னாடி வேற ஒரு பட்டறையில, “என்ன கிரீஸ் போடுறீங்க?”ன்னு கேட்டிருக்கேன். “அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, வண்டியை விட்டுட்டுப் போ”ன்னாங்க. நானும் சரின்னு வந்துட்டேன். அந்தக் கேள்வியை இப்ப இந்த அண்ணன்கிட்ட மறுபடி கேட்டேன். அவர் பொறுமையாச் சொல்லிக்கொடுத்தார். அதை உங்களுக்குச் சொல்றேன்.

கிரீஸ்ங்கறது எண்ணெயும் ஒரு வகைச் சோப்பும் சேர்ந்தது. தேய்மானம் வராம காக்கிறது எண்ணெய். அந்த எண்ணெய் வழிஞ்சு ஓடாம பிடிச்சு வச்சுக்கிறது சோப்பு. எந்தச் சோப்புங்கறதுலதான் வித்தியாசம். கால்சியம் சோப்பு தண்ணியைத் தாங்கும். ஆனா சாதாரண கால்சியம் கிரீஸ் 100 டிகிரி சூடு கிட்ட வந்தாலே உருகிச் சொட்ட ஆரம்பிச்சுடும். சோடியம் சோப்பு சூட்டைத் தாங்கும், தண்ணி பட்டா கரையும். லித்தியம் சோப்பு 180 டிகிரி வரைக்கும் உருகாது, தண்ணியையும் ஓரளவு தாங்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க ஹப் சூடாகும். நம்ம ஊரோ ஏரித் தண்ணியும் கடல் காத்தும் உள்ள ஊரு. அதனால லித்தியம் கிரீஸ்தான் எங்களுக்குச் சரி.

அடுத்தது நம்பர். கிரீஸோட கெட்டித்தன்மைக்கு 000-வில் தொடங்கி 6 வரைக்கும் நம்பர் உண்டு. 25 டிகிரி சூட்டுல ஒரு கூம்பை கிரீஸ் மேல விட்டு, 5 விநாடியில எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு அளப்பாங்களாம். 2-ம் நம்பர்ல 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கும். 3-ம் நம்பர் அதைவிடக் கெட்டி, 22 முதல் 25 மில்லிமீட்டர்தான். கடையில ‘ஏ.பி. 3’ன்னு கேட்கிறாங்களே, அந்த 3 இதுதான். கிரீஸ் கன் வச்சு அடிக்கிற இடத்துக்கு 2-ம் நம்பர் சுலபமா உள்ளே போகும். சக்கர பேரிங்குக்கு எங்க வண்டிப் புத்தகத்துல 3-ம் நம்பர் போட்டிருக்கு. உங்க வண்டிக்கு உங்க புத்தகத்தைப் பாருங்க.

நிறத்தைப் பார்த்து கிரீஸ் வாங்காதீங்க. சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரங்க சேர்க்கிற சாயம். டப்பாவைத் திருப்பி, லித்தியமா, எந்த நம்பர்னு படிங்க. ஒரு கிரீஸ் இருக்கிற இடத்துல வேற வகை கிரீஸை மேலேயே அப்பாதீங்க. சில சோப்புங்க ஒண்ணோட ஒண்ணு சேராம இளகி ஒழுகிடும். மாத்தணும்னா பழசைச் சுத்தமா எடுத்துட்டுத்தான் மாத்தணும்.

இப்ப நாங்க செய்யிற வேலை. வண்டியை மட்டமான தரையில நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, சாவியை எடுத்து இடுப்புல செருகிக்குவோம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்போம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில போகக் கூடாது, ஸ்டாண்டு வைக்கணும். கிரீஸ் நிப்பிளைத் துணியால துடைச்சிட்டுத்தான் கன்னை மாட்டணும். துடைக்காம அடிச்சா மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுறோம்னு அர்த்தம். பழைய கிரீஸ் வெளியே வந்து புதுசு தெரியற வரைக்கும் அடிப்போம். கிங் பின்னுக்கு மட்டும் முன் சக்கரத்தைத் தூக்கி, பாரம் இல்லாம வச்சு அடிக்கணும். அப்பத்தான் எல்லாப் பக்கமும் பரவும்.

ஹப்பைத் திறக்கிற வேலையை மெக்கானிக் அண்ணன்தான் செய்யறார். நட்டை எவ்வளவு இறுக்கணும்ங்கறதுல தப்பு பண்ணா பேரிங் போயிடும். ஆனா பக்கத்துலயே நிப்போம். புது சீல் போட்டாரா, பேரிங்கைக் கழுவி நல்லாக் காய வச்சாரா, உருளைக்கு இடையில கிரீஸ் போச்சான்னு பார்ப்போம். ஹப் நிறைய கிரீஸை அடைக்கவும் விட மாட்டோம். அதிகமா அடைச்சா சூடாகி, சீலைத் தாண்டி பிரேக்குல போய் விழும். அப்புறம் பிரேக் பிடிக்காது.

மாத்தின வண்டிக்கு இன்னும் ரெண்டு விஷயம் உண்டு. தண்ணித் தொட்டிக்கு வெல்டிங் வச்சப்ப, பின் ஸ்பிரிங் பின்னோட நிப்பிளை மறைச்சுப் பெட்டி அடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் அதுக்கு கிரீஸே போகல. இப்ப அந்தப் பெட்டியில கை நுழையற மாதிரி கதவு வச்சிருக்கோம். ரெண்டாவது, எங்க வண்டி ஓடுறது கொஞ்ச தூரம், நிக்கிறது நாள் முழுக்க. 500 லிட்டர் தண்ணின்னா 500 கிலோ பாரம், அதுவும் ஒரே பக்கத்துல. கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருந்தா சரிவராது. அதனால மாசத்துல முதல் ஞாயிறு கிரீஸ் நாள். சக்கரம் தண்ணியில முழுகினா அந்த வாரமே ஹப்பைத் திறந்தாகணும்.

தேதி, எந்த நிப்பிள், எந்த கிரீஸ், யார் போட்டதுன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுறோம். சேமிப்பையும் கடனையும் பைசா சுத்தமா எழுதுற நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

“பொம்பளைங்களுக்கு இது எதுக்கு”ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. நம்ம தெருக் கைப்பம்பை நினைச்சுப் பாருங்க. இந்தியா மார்க் 2 பம்போட தலைப்பெட்டிக்குள்ள ஒரு செயின் இருக்கு, அதுக்கும் கிரீஸ் வேணும். உத்தரப்பிரதேசத்துல பாண்டா மாவட்டத்துப் பெண்கள் 1990-கள்லயே மகளிர் சமாக்யா திட்டத்துல பயிற்சி எடுத்து, அந்தக் கைப்பம்புகளைத் தாங்களே பழுது பார்த்திருக்காங்க. பள்ளிக்கூடம் போகாதவங்களும் அதுல உண்டு. அவங்க பம்பைக் கழட்டி மாட்டினப்போ, நாம ஒரு நிப்பிளைத் துடைச்சு கிரீஸ் அடிக்க முடியாதா?

வித்துடலாம்னு சொன்ன அந்த அக்காதான் இன்னைக்கு எங்க கிரீஸ் நோட்டை வச்சிருக்காங்க. போன மாசம் நான் ஒரு நிப்பிளை விட்டுட்டேன்னு எல்லாருக்கும் முன்னாடி என்னைத் திட்டினாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

குழுவுக்கு ஆட்டோ, லோடு வண்டி, மாவு மெஷின் எது வச்சிருந்தாலும், அடுத்த கூட்டத்துல ஒரு கேள்வி கேளுங்க: இதுக்கு எந்த கிரீஸ், கடைசியா எப்பப் போட்டோம்? பதில் தெரியலன்னா, அன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க.

எங்க கிரீஸ் கன்னைப் பார்க்கணும்னா முதல் ஞாயிறு காலையில வாங்க. டீ எங்க வண்டியிலேயே கிடைக்கும்.