குடியும் சோதனைக் குழாயும்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)

   

குடியின் தீமையைப் பற்றிப் பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. ஆனால் அத்தீமையை இரத்தத்தில் அளந்து பார்க்கும் தொழிலில் உள்ளவர்கள் மேடையேறுவது அரிது. நாங்கள் பரிசோதனைக்கூட ஊழியர்கள். லேப் டெக்னீஷியன் என்று மக்கள் எங்களை அழைக்கின்றனர். டாக்டரின் கையில் நோயாளியின் நாடி இருக்கிறது. எங்கள் கையில் அவருடைய இரத்தம் அடங்கிய சிறு குழாய் இருக்கிறது. அக்குழாய் எங்களுக்குக் கற்பித்த பாடம் ஒன்றே ஒன்றுதான். குடிக்கு ஆளானவர் காலத்தோடு வந்து உண்மையைச் சொன்னால் விஞ்ஞானம் அவருக்குப் பெருந்துணை புரியும். ஒளிந்தும் தாமதித்தும் வந்தால் அதே விஞ்ஞானம் கைகட்டி நிற்க நேரும். அவரைக் காலத்தோடு வரச் செய்வது ஆஸ்பத்திரியால் ஆகாது; ஊரால்தான் ஆகும். இதைச் சொல்லவே வந்துள்ளோம்.

மதுவுக்கு எதிரான முயற்சியில் இந்த வட்டாரத்துக்குத் தனிப் பெருமை உண்டு. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனை 1948-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கிய மந்திரி சபையின் தலைவர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் அவர்கள். சட்டம் அதன் பின் பலமுறை மாறிற்று. சட்டம் எப்படி இருப்பினும், குடித்தவரின் உடலில் நடப்பது மாறுவதில்லை.

அண்மை ஆண்டுகளின் துயரத்தையும் நாம் மறப்பதற்கில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் அருந்தியவர்கள் அடுத்தடுத்து மாண்டனர். செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே சமயத்தில் மரணங்கள் நேர்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஓராண்டு கழித்து, 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 வரையில் அவ்வூரும் விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியதே. இரண்டு இடங்களிலும் சோதனை காட்டிய விஷம் ஒன்றே. அதன் பெயர் மெத்தனால்.

மெத்தனால் என்றால் என்ன? இதை உழவர்களுக்கு விளக்குவது எளிது. பனையில் இறக்கும் பதநீர், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இருந்தால் புளித்துக் கள்ளாகிறது. சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று எத்தனால் என்னும் சாராயத்தை உண்டாக்குகின்றன. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து ஆலைகளில் எடுப்பதும் இந்த எத்தனாலே. மெத்தனால் இதன் பங்காளி போன்றது. நிறத்திலும் மணத்திலும் வேற்றுமை காண முடியாது. ஆனால் அது தொழிற்சாலைகளுக்கான இரசாயனம். மனிதன் வாயில் வைக்கத் தக்கதன்று. சுமார் 10 மில்லி லிட்டர் அளவே கண்பார்வையைப் பறித்துவிடலாம். 30 மில்லி லிட்டர் உயிரையே போக்கிவிடலாம்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மெத்தனால் உடலுக்குள் சென்றவுடன் கொல்வதில்லை. நம் கல்லீரலே அதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. சில வகை எறும்புகளின் உடலில் இருக்கும் அமிலம் இதுவே. இந்த மாற்றத்துக்கு 12 மணி முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். எத்தனாலும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். முதல் நாள் மாலையில் குடித்தவர் மறுநாள் காலையில் தலைவலி, குமட்டல், வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறார். வழக்கமான போதைத் தெளிச்சல்தான் என்று வீட்டாரும் விட்டுவிடுகின்றனர். பின்னர் பார்வை மங்குகிறது, மூச்சு வாங்குகிறது. அப்போது இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்பது பொருள்.

அந்த இடைப்பட்ட நேரம் இருக்கிறதே, அதுவே உயிர் காக்கும் நேரம். கல்லீரல் மெத்தனாலை அமிலமாக மாற்றாதபடி தடுக்கும் மாற்று மருந்துகள் டாக்டர்களிடம் உண்டு. அமிலத்தை முறிக்க மருந்து உண்டு. டயாலிசிஸ் முறையில் விஷத்தை வெளியேற்றவும் வழியுண்டு. இவை பலிப்பது நேரத்தைப் பொறுத்தது. வீட்டில் கைவைத்தியம் செய்து பார்ப்பதும், மேலும் சாராயம் கொடுத்துப் பார்ப்பதும் ஆபத்தானவை.

எங்கள் வேலை அங்கே எவ்வாறு நடக்கிறது என்று கேளுங்கள். சாராயத்தை அளப்பதற்காக இரத்தம் எடுக்கும்போது கையை ஸ்பிரிட்டால் துடைக்க மாட்டோம். துடைத்தால் அந்த ஸ்பிரிட்டே கணக்கில் ஏறிவிடக்கூடும். இரத்தத்தை ஃபுளோரைடு உப்பு இட்ட குழாயில் நிரப்பி, இறுக மூடி, குளிரில் வைக்கிறோம். இல்லாவிடில் குழாய்க்குள்ளேயே நொதித்துப் புதுச் சாராயம் தோன்றக்கூடும். பதநீர்க் கலயத்துக்குச் சுண்ணாம்பு எதுவோ, எங்கள் குழாய்க்கு அந்த உப்பு அதுவே.

பிறகு காஸ் குரோமட்டோகிராப் என்னும் யந்திரம் தன் வேலையைத் தொடங்குகிறது. மாதிரியைச் சூடாக்கி, அதன் ஆவியை நீண்ட மெல்லிய குழல் ஒன்றின் வழியாகச் செலுத்துகிறோம். பொங்கல் விளையாட்டில் ஒரே கோட்டிலிருந்து புறப்படும் பிள்ளைகள் வெவ்வேறு நேரத்தில் எல்லையைத் தொடுவதில்லையா? அதுபோல மெத்தனால் முன்னதாகவும் எத்தனால் பின்னதாகவும் வந்து சேர்கின்றன. மூக்குக்கும் நாக்குக்கும் ஒன்றாகத் தோன்றியவை அங்கே வெவ்வேறு கோடுகளாகப் பிரிந்து நிற்கின்றன. எனினும் ஒன்றை நினைவில் வையுங்கள். மெத்தனாலைத் தேட வேண்டும் என்று எங்களுக்கு எவரேனும் சொல்ல வேண்டும். கூட வந்தவர்கள், "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னால் விலைமதிப்பற்ற நேரம் வேறு சோதனைகளில் கழிகிறது.

விஷச் சாராயம் திடீரென்று தாக்கும் இடி என்றால், நாள்தோறும் குடிக்கும் பழக்கம் வேரை அரிக்கும் கரையான். எங்கள் தொழிலின் பெரும்பகுதி இதைப் பற்றிய ஆராய்ச்சியே. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் போன்ற நிலையங்கள் இத்துறையில் பல்லாண்டுகளாக உழைத்து வருகின்றன. இரத்தத்தில் உள்ள எத்தனால் மணிக்கு மணி குறைந்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். ஆனால் நெடுநாள் குடி விட்டுச் செல்லும் தடங்கள் எளிதில் மறைவதில்லை. ஜி.ஜி.டி. என்னும் கல்லீரல் நொதி உயர்ந்து நிற்கும். குடியை நிறுத்தினால் சில வாரங்களில் இறங்கும். சிவப்பணுக்கள் இயல்பை மீறிப் பருத்திருக்கும். அவற்றின் ஆயுள் சுமார் 120 நாள் ஆதலால், அவை பழைய அளவை அடையச் சில மாதங்கள் வேண்டும். வேறு நோய்களாலும் இவை மாறக்கூடும். ஆகவே ஒரே எண்ணைக் கொண்டு ஒருவரைக் குடிகாரர் என்று தீர்ப்பளிப்பதில்லை. குடியை விட்டவரின் எண்கள் மாதந்தோறும் இறங்கி வருவதைப் பார்ப்பதைப்போல் எங்களுக்கு மகிழ்ச்சி தருவது வேறொன்றுமில்லை. உடல் மன்னிக்கும் தன்மை உடையது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆராய்ச்சிக்கு இரத்தம் தருபவரின் சம்மதத்தைக் கேட்ட பிறகே மாதிரி எடுக்கப்படும். எங்களிடம் வரும் குழாயில் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். எது குடிப்பவருடையது, எது குடிக்காதவருடையது என்பது எங்களுக்கே தெரியாது. தெரிந்தால் கண் அதற்கேற்பப் பார்த்துவிடும் அல்லவா? ஊரில் எவ்வளவு பெரியவர் வந்து கேட்டாலும், இன்னாருடைய முடிவு இதுவென்று நாங்கள் சொல்லமாட்டோம். இந்த நம்பிக்கை உடைந்தால் நாளை எவரும் கை நீட்டமாட்டார்.

இத்தகைய ஆராய்ச்சிகள் கண்ட முடிவு என்ன? குடிக்கு அடிமையாதல் வெறும் ஒழுக்கக் குறைவன்று; மூளையையும் உடலையும் பற்றிய நோய் அது. அந்நோய்க்கு ஆளாகும் இயல்பில் ஏறக்குறையப் பாதி பரம்பரையைச் சார்ந்தது என்று இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. 2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 14.6 பேர் மது அருந்துகின்றனர். அதற்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். எஞ்சிய 37 பேர் எங்கே? நம் தெருக்களிலும் திண்ணைகளிலும் இருக்கின்றனர். நம் கழனிகளில் கூலி வேலை செய்கின்றனர். நம் உறவினராகவும் இருக்கின்றனர்.

அவர்களுக்காகப் பஞ்சாயத்து செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவது, சாராயம் குடித்தவருக்குப் பார்வை மங்கினாலும், தலைசுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல் கண்டாலும் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். டாக்டரிடம் குடித்ததை மறைக்கலாகாது. அவருடன் குடித்த மற்றவர்கள் நலமாகத் தோன்றினாலும் தேடிப் பிடித்து உடன் அனுப்ப வேண்டும். அவர்களுக்கு நேரம் இன்னும் மிச்சம் இருக்கலாம்.

இரண்டாவது, கோயிலில் கயிறு கட்டிக் குடியை விடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்த மன உறுதியைப் போற்றுவோம். ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்து நேரிடலாம். கயிறு கட்டும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டட்டும். திண்டிவனம் அரசு மருத்துவமனையும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தொலைவில் இல்லை. 14446 என்னும் எண்ணில் இலவசமாக ஆலோசனையும் பெறலாம்.

மூன்றாவது, விட்டவர் மீண்டும் குடித்துவிட்டால் ஏளனம் செய்யலாகாது. ஒருமுறை பூச்சி விழுந்ததற்காக நிலத்தைத் தரிசாகவா போடுகிறோம்? மீண்டும் சிகிச்சைக்கு அனுப்புவோம்.

நான்காவது, காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதனைப் பற்றித் தயங்காது பேசுங்கள். கள்ளச் சாராயம் விற்பவரைச் சட்டத்துக்குக் காட்டிக் கொடுங்கள்; குடித்தவரைக் காட்டிக் கொடுக்காமல் வைத்தியத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். இவ்விரண்டையும் ஒன்றாக்கினால், பயத்தினால் நோயாளி ஒளிந்துகொள்வார். அந்த ஒளிவே அவரைக் கொன்றுவிடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பும் பட்டப் படிப்பும் இன்று நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடியவை. விஞ்ஞானப் பாடம் படித்த உங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் இத்துறைக்கு அனுப்புங்கள். பொறுமையும், தூய்மையும், பொய்யை எழுத மறுக்கும் நெஞ்சும் இதற்கு வேண்டும். உழவர் வீட்டில் இவற்றுக்குப் பஞ்சமில்லை.

சோதனைக் குழாய் பொய் சொல்லாது. ஆனால் தானாக நடந்து ஆஸ்பத்திரிக்கு வரவும் மாட்டாது. அதனைக் காலத்தோடு நிரப்பும் வகையில் அண்டை வீட்டாரை அழைத்து வாருங்கள். மற்றதை டாக்டர்களும் நாங்களும் செய்கிறோம்.