நிலத்துக்கும் ஒரு போர்வை
(நாகபுரியில் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கக் கட்டடத்தின் பின்புறத் தோட்டத்தைச் சிமெண்டுத் தளமாக்கிவிடலாம் என்னும் யோசனை செயற்குழுவின் முன் இருக்கிறது. கோடையில் தண்ணீருக்குத் திண்டாடும் காலனியில் தோட்டம் எதற்கு என்று கேட்பவரைக் குறை கூற இயலாது. சென்ற மே மாதத்தில் வாழைக்கு ஊற்றிய இரண்டு குடம் நீருக்காக இரு குடும்பத்தார் பேச்சின்றி இருந்ததையும் நாம் அறிவோம். ஆயினும், பொங்கலுக்கு இலையும் அன்றாடம் கறிவேப்பிலையும் தந்துவந்த இடம் அது. அதை மூடுமுன், நாம் கண்டறிந்த ஒன்றை அவையின் முன் வைக்க அனுமதி வேண்டுகிறோம். நாம் தோட்டக்கலை பயின்றவரல்லோம். குவார்ட்டர்ஸ் கொல்லையில் ஐந்தாறு ஆண்டுகளாகக் கொத்திப் பார்த்தவர், அவ்வளவே.

இவ்வூர் மண் கரிசல். மழையில் உப்பிக் காலில் ஒட்டும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும்பொழுது, அவ்வெடிப்புகளின் வழியே அடிமண்ணின் ஈரமும் ஆவியாகிவிடுகிறது. நாம் ஊற்றும் நீரில் செடி குடிப்பது எவ்வளவு, சூரியன் குடிப்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தோமா? வைக்கோலையும் சருகையும் பரப்பி மண்ணை மூடுவதை நம் உழவர்கள் மூடாக்கு என்பர். அந்த மூடாக்கையே தாழப் படரும் செடிகளால் அமைத்தால் அது உயிர் மூடாக்கு. கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் இளமரங்களுக்கிடையே புயூரேரியா என்னும் கொடியை இவ்வாறே வளர்க்கின்றனர். அது வீட்டுக் கொல்லைக்கு ஆகாது. அத்துணை வேகமாய் ஏறிப் படரும்.

நமக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, இங்கே சவளி என்று விற்கும் தட்டைப்பயறு. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் நிலம் வளம் பெறும். மற்றொன்று சர்க்கரைவள்ளிக் கொடி. ஒரு சாண் நீளத் துண்டுகளை ஓரடி இடைவெளியில் ஊன்றினால், மழைக்காலத்திற்குள் மண் தெரியாதபடி மூடிவிடும். களைக்கும் வெயில் கிட்டாது. குழாயடியில் நீர் கசியும் இடம் இருந்தால் வல்லாரை வைக்கலாம். (கடைக்காரர் அதைப் பிராமி என்பார், நம் பிராமி வேறு. வாதிட்டுப் பயனில்லை.)

நாம் செய்த பிழைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதலாண்டு, முழங்கால் உயரமே இருந்த கறிவேப்பிலைக் கன்றின் அடியிலேயே பயற்றை விதைத்தோம். பதினைந்து நாள் வெளியூர் சென்று திரும்புகையில் கொடி கன்றைச் சுற்றி ஏறி அமுக்கியிருந்தது. ஊரிலிருந்து அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொணர்ந்த கன்று, பிழைக்கவில்லை. அதுமுதல் எச்செடியைச் சுற்றியும் ஓரடி வெற்றிடம் விட்டே விதைக்கிறோம். அடுத்த ஆண்டு, வாழையடியில் வள்ளிக்கிழங்கு தோண்டப்போய் வாழையின் வேர்களை அறுத்தோம். வாழைக்கு வேர் மேலாகவே ஓடும். ஆகவே அங்கே கொடி மூடாக்குக்கு மட்டுமே, கிழங்குக்கு ஆசைப்படலாகாது. நடைபாதை ஓரத்திலும் வாயிலருகிலும் கொடியைப் படர விடுதல் கூடாது. மழை இரவில் அதனுள் என்ன கிடக்கும் என்று தெரியாது, குழந்தைகள் நடமாடும் இடம்.

இன்னொன்று முக்கியம். இக்கொடிகளும் தண்ணீர் குடிப்பவையே. கோடை முழுதும் அவற்றைப் பசுமையாய்க் காப்போம் என்று கிளம்பினால் பழைய சண்டையே மூளும். ஆதலால் மார்ச் மாதத்தில் அவற்றைத் தரையோடு அறுத்து, அறுத்த இடத்திலேயே பரப்பிவிடுகிறோம். வெயிலில் காய்ந்து அதுவே சருகு மூடாக்காகிறது. அதன்பின் நம் முருங்கையடி மண்ணில் விரல் நுழையும் வெடிப்பைக் காணவில்லை. நாள்தோறும் ஊற்றியதை மூன்று நாளுக்கொரு முறையாகக் குறைத்தோம். அதுவும் அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருமே.

செயற்குழுவினரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. தோட்டத்தில் கிணற்றுப் பக்கத்துப் பாதியை ஓராண்டுக்கு மட்டும் ஒதுக்கித் தாருங்கள். ஜூன் மாத முதல் மழையில் விதைப்போம். சவளி விதை இதவாரிக் கடைத்தெருவில் கிடைக்கும். படரும் இனமாகக் கேட்டு வாங்க வேண்டும். வள்ளிக்கொடித் துண்டுகள் நம் கொல்லையில் வேண்டுமளவு உள்ளன. காலனிவாசிகள் எவரும் ஞாயிறு காலையில் வந்து எடுத்துச் செல்லலாம். அடுத்த மே மாதத்தில் இரு பாதிகளுக்கும் எத்தனை குடம் ஊற்றினோம் என்று நாமே கணக்கெழுதிக் குழுவின் முன் வைக்கிறோம். அதைப் பார்த்தபின் சிமெண்டைப் பற்றி முடிவு செய்யலாம்.