முதுமையும் மற்களமும்



திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து உள்ளே சென்றால், பத்மதீர்த்தக் குளத்திற்கு அப்பால் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரம் எழுந்து நிற்கக் காணலாம். அக்கோபுரத்தின் கீழ்த்தளத்திற்கு நாடகசாலை என்று பெயர். ஐப்பசி, பங்குனித் திருவிழா இரவுகளில் அங்கே கதகளி ஆடுவது மரபு. இரயிம்மன் தம்பி இயற்றிய கீசகவதத்தில், அறுபது வயதைக் கடந்த ஒருவர் வீமனாக வந்து கீசகனை மாய்த்தால், "இவருக்கு இன்னும் எதற்கு இந்த வேஷம்?" என்று எவரும் கேட்பதில்லை. முதுமை அங்கே முதிர்ச்சியாகவே போற்றப்படுகிறது.

அவ்வாறாயின், புகழ்பெற்ற தொழில்முறை மல்லர் ஒருவர் வயது சென்றபின் மீண்டும் களம் இறங்க விரும்பினால் நாம் ஏன் தயங்க வேண்டும்? வெற்றி தோல்வி முன்னரே வகுக்கப்பட்ட காட்சிதானே அதுவும் என்பர் சிலர். இவ்வாதம் ஓர் உண்மையை மறந்துவிடுகிறது. கதகளியில் கீசகன் வீழ்வது அபிநயம். மற்களத்திலோ முடிவு ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் வீழ்ச்சி மெய்யானது. முதுகெலும்பும் இதயமும் அந்த அதிர்ச்சியைத் தாங்கியே ஆகவேண்டும்.

அமெரிக்க மல்லர் ரிக் பிளேர் 2008-ஆம் ஆண்டில் பெருங்கூட்டத்தின் முன்னே விடைபெற்றார்; எனினும் பின்னர்க் களத்திற்குத் திரும்பினார். 2022 ஜூலை 31 அன்று நாஷ்வில் நகரில், தம் 73-ஆம் வயதில், இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியை உடலில் தாங்கியவாறே அவர் மீண்டும் பொருதார். போரின் நடுவே தாம் நினைவிழந்ததாகப் பின்னர் அவரே கூறினார்.

முதியவர் திரும்பவே கூடாது என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்கவும் இயலாது. போலந்து நாட்டவரான ஸ்பிஸ்கோ 1925-இல், தம் 46-ஆம் வயதில், உலகப் பட்டத்தை மீண்டும் வென்றார். ஆனால், 1910-இல் லண்டனில் நம் நாட்டுக் காமா பயில்வானுடன் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்த அதே ஸ்பிஸ்கோ, 1928-இல் பாட்டியாலாவில் அவரிடம் ஒரு நிமிடத்திற்குள் வீழ்ந்தார். வென்ற காமாவும் அப்போது ஐம்பதை ஒட்டியவரே. எனவே வயதின் எண்ணிக்கை மட்டும் நீதிபதி ஆகாது. வலிமை விடைபெறும் நாளை உடல் முன்கூட்டி அறிவிப்பதும் இல்லை. அதனைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே அன்றி, கைதட்டும் கூட்டமும் அன்று, சீட்டு விற்பவரும் அன்று.

மல்லரை மீண்டும் அழைப்பவை இரண்டு: ஆரவாரத்தின் மீதுள்ள ஆசை ஒன்று, வறுமை மற்றொன்று. உலகமே வியந்த காமா, 1960-இல் லாகூரில் மறையும் முன், இறுதி ஆண்டுகளை நோயிலும் பொருள் முடையிலும் கழித்தார். வயிற்றுக்காகக் களம் இறங்கும் முதியவரை வீரர் என்று வாழ்த்துவது நமக்குப் பெருமை ஆகாது. அவர் இளமையை விலைகொடுத்துக் கண்டு களித்தவர்கள், அவரது முதுமைக்கும் கடன்பட்டவர்கள் அல்லரோ?

தாரா சிங் காட்டிய வழி இங்கே நினைக்கத்தக்கது. 1983-இல், ஐம்பத்து நான்கு வயதில், அவர் மற்களத்தினின்று ஓய்வு பெற்றார். மக்களிடமிருந்து ஓய்வு பெறவில்லை. 1985-இல் வெளிவந்த 'முத்தாரங்குன்னு பி.ஓ.' என்னும் மலையாளத் திரைப்படத்தில் தாரா சிங்காகவே தோன்றினார். 1987-இல் தொடங்கிய தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்து நாடு முழுவதும் இல்லந்தோறும் புகுந்தார். அவர் இழந்தது களத்தை மட்டுமே, புகழையன்று.

ஆகவே, முதிய மல்லர் திரும்பி வரட்டும். இளைஞருக்குப் பிடிகளைக் கற்பிக்கும் ஆசானாக வரட்டும், நடுவராக வரட்டும், காட்சி மேடையில் கதை சொல்லவும் வரட்டும். மீண்டும் வீழ்வதற்காக மட்டும் வரவேண்டா. "இன்னும் ஒருமுறை" என்று அவரை நோக்கிக் கூவுமுன், விழப்போவது நம் உடல் அன்று என்பதை நாம் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.